புள்ளி கரைந்தால் பாடமும் கரையும்



பிள்ளைகளுக்குச் செயலி செய்யும் தம்பி, தங்கச்சிமாரிடம் ஆசிரியர்கள் நாங்கள் கேட்கிறோம்: உங்கட போனில் மட்டும் பார்த்துவிட்டு "சரி" என்று விடுவது நியாயமா?

அன்ட்ரொயிட்டில் அங்குலத்துக்கு 160 புள்ளி அடிப்படை. அங்கே 48 பிக்சல் போதுமான படத்துக்கு, 480 புள்ளித் திரையில் 144 பிக்சல் வேண்டும். சின்னப் படத்தை இழுத்துப் பெருப்பித்தால் மங்கும். 'க்' புள்ளி கரைந்து 'க' ஆகும். எழுத்துப் பழகும் பிள்ளை எதைப் படிக்கும்? பெரிய படத்தையே எல்லோருக்கும் அனுப்பினால், சோனகத் தெருவில் ரீலோட் போட்டுப் படிக்கிற வீட்டின் டேட்டா கரையும்.

"நேரமில்லை" என்று சொல்லாதீர்கள். ஒவ்வோர் அடர்த்திக்கும் தனிப்படம் வையுங்கள். கோட்டுப் படங்களை வெக்டராக்குங்கள். எழுத்தைப் படமாக்காமல் யுனிகோட்டில் எழுத்தாகவே இடுங்கள். விலை கூடினது, குறைந்தது இரண்டிலும் திறந்து பார்த்த பிறகு தாருங்கள்.

போன் வேறாகலாம், பிள்ளைக்குப் பாடம் ஒன்றுதான். மங்கல் பாடத்தை நாங்கள் ஏற்கமாட்டோம்.