முதலீடும் முதுசமும்

வெண்மணற் கரை, தென்னஞ்சோலை, முழங்கால் ஆழத்தில் தெளிந்து கிடக்கும் கடல். இவற்றின் வண்ணப் படங்களைத் தாங்கி, இலங்கைத் தீவின் காணிகளும் விடுதிப் பங்குகளும் இன்று புலம்பெயர்ந்த எம்மவரின் வாசல் தேடி வருகின்றன. நிலாவெளியில் நிலம், பாசிக்குடாவில் பங்கு, யாழ்ப்பாணத்தில் விருந்தினர் விடுதி என்று அழைப்புகள் பல. உழைத்துச் சேர்த்த பணத்தைப் பிறந்த மண்ணில் இடுமாறு கேட்கும்போது மனம் இளகுவது இயல்பு. அவ்வழைப்பை நாம் பழிக்கவில்லை. ஆனால் எவ்வளவு இலாபம் வரும் என்று கேட்பதற்கு முன்னர், இது யாருடைய காணி என்று கேட்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

இத்தீவுக்குப் பணம் தேவை என்பதில் ஐயமில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்த நாடு அது. உல்லாசப் பயணத்துறை அதற்கு அந்நியச் செலாவணி தரும் முக்கியமான வழிகளில் ஒன்று. 2018 இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும் அடுத்து வந்த கொரோனாத் தொற்றும் அத்தொகையை 2021 இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே தள்ளின. 2024 இல் அது மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பற் சேவை 2023 இல் ஆரம்பமாகி, இடையில் தடைப்பட்டு, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. வடக்கின் வாசல் திறக்கின்றது. அதனால் கடற்கரைக் காணியின் விலையும் ஏறுகின்றது.

விளம்பரப் படங்களில் அக்கரைகள் ஆளரவமற்றுத் தோன்றுகின்றன. அந்த வெறுமை எப்படி வந்தது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். அங்கு 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் 2013 இல் ஒட்டப்பட்டன. உரிமையாளர்கள் நலன்புரி முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் காத்திருக்க, காங்கேசன்துறைக் கரையில் இராணுவம் உல்லாச விடுதி நடத்தியது. 2015 இன் பின்னர் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. எஞ்சியதற்காக மக்கள் இன்றும் குரல் கொடுக்கின்றனர். இரணைதீவு மக்கள் 1992 இல் இடம்பெயர்ந்தனர். 2018 ஏப்ரலில் அவர்கள் தாமாகவே படகேறி, கடற்படை நிலைகொண்டிருந்த தமது தீவில் மீண்டும் கால் பதித்தனர்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த அவலமன்று. அம்பாறை மாவட்டத்தின் பாணமைக் கரையில் வாழ்ந்த சிங்களக் குடியானவர்கள் 2010 ஜூலையில் விரட்டப்பட்டனர். அந்தக் காணிகளை விடுவிப்பதென 2015 இல் அமைச்சரவை தீர்மானித்த பின்னரும் அவர்களுடைய போராட்டம் தொடர்ந்தது. கற்பிட்டியில் 14 தீவுகளை உள்ளடக்கிய உல்லாசப் பயணத் திட்டம் வந்தபோது, கரைவலைப் பாடுகளையும் படகு கட்டும் இடங்களையும் இழந்துவிடுவோம் என்று அஞ்சி எழுந்தவர்கள் மீனவர்களே. இன்னொருவரின் வாழ்வாதாரத்தின் மேல் எழும்பும் விடுதி எந்த மொழியில் பெயர்ப்பலகை தாங்கினாலும் அநீதி அநீதியே. தமது காணியை இழந்து வந்த நாம், மற்றொருவர் இழந்த காணியை மலிவு விலையில் வாங்குவோராக மாறலாகாது.

நீதியைப் போலவே சட்டமும் எச்சரிக்கை செய்கின்றது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கோ, பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு வெளிநாட்டவர் கையிலுள்ள நிறுவனத்துக்கோ இலங்கைக் காணியை உரிமை மாற்ற முடியாது. அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகையே பெறலாம். தொடர்மாடி வீடுகளுக்கு விலக்கு உண்டு. உறவின் வழியே வரும் முதுசத்துக்கும் விலக்கு உண்டு. வேறு நாட்டுப் பிரசாவுரிமை பெற்று, இலங்கையின் இரட்டைப் பிரசாவுரிமையை எடுக்காதவர் அச்சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. ஊரில் பிறந்தவர் என்ற ஒன்று மட்டும் அங்கே போதாது. இதை மறைத்து, உறவினர் பெயரில் உறுதி எழுதினால் போதும் என்று ஆசை காட்டும் தரகர்கள் உளர். பெயர் எவருடையதோ காணியும் அவருடையதே. பின்னர் மனம் மாறினால் வழக்காடுவதற்கும் வலுவான ஆதாரம் இராது.

காணியிலும் பல வகை உண்டு. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு அரச காணி. வன்னியிலும் கிழக்கிலும் பலர் அனுமதிப்பத்திரக் காணிகளிலேயே வாழ்கின்றனர். அவற்றை நினைத்தபடி விற்க முடியாது. யாழ்ப்பாணத்தில் தேசவழமை ஆள்கின்றது. பங்காளிகளுக்கும் உரிமைக்காரருக்கும் முதலில் அறிவியாமல் விற்றால், அவர்கள் முன்னீட்டுரிமை கோரி வழக்கிடலாம். மனைவியின் சீதனக் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும். கரையிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள கரையோர வலயத்தில் கட்டடம் எழுப்ப அனுமதி பெற வேண்டும். எனவே காணிப் பதிவகத்தில் உறுதியின் வரலாற்றைப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளப்பியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அயலவரிடம் கேளுங்கள். இடம்பெயர்வுக்கு முன்னர் அங்கே யார் கிணறு வெட்டினார், யார் தென்னை வைத்தார் என்பது அயலுக்குத் தெரியும்.

பிறர் காணியை விலை பேசும் வேளையில், தம் சொந்த முதுசம் என்னவாயிற்று என்பதை எம்மவர் பலர் அறியாதிருக்கின்றனர். பிறர் ஒருவர் பத்தாண்டுகள் தடையின்றித் தம் சொந்தம்போல் ஆண்டால், அக்காணிக்கு அவர் ஆட்சியுரிமை கோரச் சட்டம் இடமளிக்கின்றது. போரினால் உரிமையைத் தொடர முடியாதிருந்தோருக்காக 2016 இல் சிறப்புச் சட்டமொன்று வந்தது. போர் ஓய்ந்தபின் கழிந்த ஆண்டுகளுக்கு அதன் பாதுகாப்பு இல்லை. 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி வடமாகாணத்தில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டுமென அறிவித்தது. உறுதிகளைப் போரிலும் ஆழிப்பேரலையிலும் இழந்தோர், உலகெங்கும் சிதறியோர், அந்தக் குறுகிய காலத்துள் என்ன செய்வர்? பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த அறிவித்தல் வரும்போது நாம் உறங்கிக் கிடக்கலாகாது. உறுதியின் பிரதியைப் பதிவகத்தில் எடுத்து வையுங்கள். காணியைப் பராமரிப்பவருடன் எழுத்தில் உடன்பாடு செய்யுங்கள். அற்றோர்னித் தத்துவம் கொடுப்பதாயின் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் கொடுங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் காணியின் பெயரையாவது சொல்லிவையுங்கள்.

இனி வியாபாரத்தைப் பார்ப்போம். கிழக்குக் கரையின் உல்லாசப் பயணக் காலம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. அதன் பின்னர் மாரி மழையும் கொந்தளிக்கும் கடலும் வரும். ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதச் செலவைத் தாங்க வேண்டும். ஒரு குண்டுவெடிப்பும் ஒரு தொற்றுநோயும் அறைகளை எப்படி வெறுமையாக்கின என்பதை மேலே கண்டோம். ஆண்டுதோறும் உறுதியான இலாபம் என்று எவரேனும் வாக்களித்தால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள். பணத்தை உண்டியலில் அனுப்பாது, வங்கியின் உள்முக முதலீட்டுக் கணக்கின் வழியே அனுப்புங்கள். நாளை முதலையும் இலாபத்தையும் திரும்ப எடுப்பதற்கு அதுவே வழி. ஆழம் அறியாமல் காலை விடாதே என்ற முதுமொழி கடலுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

அப்படியாயின் முதலிடவே கூடாதா? முதலிடலாம், முதலிடவும் வேண்டும். பூட்டிக் கிடக்கும் எமது கல்வீடுகளைத் திருத்தி விருந்தினர் இல்லங்களாக நடத்தலாம். காணி உரிமையாளரிடமிருந்து நியாயமான குத்தகையில் நிலம் பெற்று, அவரையும் பங்காளியாக்கலாம். மீனவர் சங்கத்துடன் பேசி, படகுத்துறைக்கும் கரைவலைக்கும் வழி விட்ட பின்னர் மதில் எழுப்பலாம். விடுதியின் மீனும் மரக்கறியும் அயற்கிராமத்தில் வாங்கப்பட வேண்டும். அதன் வரவேற்பறையிலும் சமையலறையிலும் அவ்வூர்ப் பிள்ளைகள் தொழில் கற்க வேண்டும். காவலாளி வேலை மட்டும் ஊருக்கு, இலாபம் முழுவதும் வெளியாருக்கு என்றால் அந்தப் பணத்தால் மண்ணுக்கு நன்மையில்லை.

புலம்பெயர்ந்தோரின் பணத்துக்கு இன்று மதிப்பு உண்டு. அம்மதிப்பை நாம் பேரம் பேசும் பலமாக்க வேண்டும். எமது நாடுகளில் முதலீடு கேட்டு வரும் அமைச்சர்களிடமும் நிறுவனங்களிடமும் இரண்டே வினாக்களை முன்வைப்போம். இடம்பெயர்ந்தோரின் காணிகள் முழுமையாகத் திருப்பித் தரப்படுமா? இந்தத் திட்டம் அமையும் காணியின் உரிமையாளர் மனமுவந்து சம்மதித்தாரா? விடை எழுத்தில் வரட்டும். அதன் பின்னர் எம்மவர் காசோலையில் ஒப்பமிடலாம்.