கரி அள்ளுவது பொழுதுபோக்காகும்போது

பழைய ரயில் நிலையத்துக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். உழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே நம்ம கேள்வியும் இருக்கும்.

வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்றொரு குறுகிய ரயில்பாதை. மலையில் வெட்டிய ஸ்லேட் பலகைகளை டவின் ஊருக்கு இறக்க 1865இல் போட்டது. 1946இல் சுரங்கம் சரிந்தது. 1950இல் முதலாளி ஹேடன் ஜோன்ஸ் செத்தார். பாதையும் சாக வேண்டியதுதான். எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட்டும் நண்பர்களும் சங்கம் கட்டினார்கள். 1951 மே 14இல் தொண்டர்களே ரயிலை ஓட்டினார்கள். தொண்டர்கள் காப்பாற்றி நடத்திய ரயில்களில் உலகத்திலேயே முதலாவது அதுதான். சம்பளத்துக்குச் சிலர் உண்டு என்றாலும், இன்றும் தொண்டர்கள் இல்லாமல் அங்கே வண்டி நகராது.

எனக்கு இஞ்சின் பெரிசாகப் படவில்லை. என்னைப் போல மேசையில் கணக்கெழுதுகிறவன் லீவு போட்டு வந்து கரி அள்ளுகிறான், சாம்பல் வாருகிறான், தண்டவாளத்தில் புல் பிடுங்குகிறான். சாயங்காலம் கைகழுவிவிட்டுப் போய்விடுகிறான். அழுக்கு அவன் கையோடு போச்சு; பிறப்பில் ஒட்டுவதில்லை. அவன் பிள்ளை தலையில் அந்தக் கூடை ஏறுவதில்லை.

இங்கே? எங்க தாத்தா மீட்டர்கேஜ் லைனில் கேங்மேன். ஜல்லி குத்தியே முதுகு போச்சு. வேலை முடிந்து வந்தாலும் ஊர் விடாது. சாவு விழுந்தால் சேதி சொல்ல ஓட வேண்டும், கூலி கிடையாது. கூலியில்லாத உழைப்புக்கு எங்களுக்குத் தெரிந்த பேர் தொண்டு இல்லை, வெட்டி. சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே படிபடியாகப் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதினார். மலம் விழுந்த தண்டவாளத்தைக் கழுவ இத்தனை காலம் யாரை இறக்கினார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அதற்காக வேல்ஸ் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஸ்லேட் நிலப்பரப்பை 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே பட்டியலில் பென்ரின் குவாரியும் உண்டு. அந்தக் குடும்பத்தின் செல்வம் ஜமைக்கா கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பு. அடிமைமுறை ஒழிந்தபோது 764 பேருக்கு ஈடாகப் பதினாலாயிரம் பவுண்டுக்கு மேல் வாங்கியது எஜமான். விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. இல்லையென்றால் வெறும் பெயிண்ட்.

நம் நீலகிரி மலை ரயிலும் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பற்சக்கரம் பற்றி, நீராவி பற்றிப் பேசுகிறார்கள். பாறையை உடைத்தவன் யார்? காந்தியை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம் உலகத்துக்கே தெரியும். 1901இல் மசூர் நிலையத்தில் அண்ணனோடு இறங்கிய சிறுவன் பீமராவை எத்தனை பேருக்குத் தெரியும்? மகார் என்று கேட்டதும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறிப் பின்வாங்கினார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் ஒருவன் ஒத்துக்கொண்டான்: இரட்டைக் கூலி, மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் நடந்து வருவான். அதுவும் ரயில் நிலையத்து வரலாறுதான்.

மாணவத் தோழர்களே, 'பாரம்பரியம் காப்போம்' என்று யாராவது கூப்பிட்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். போய் மூன்று விஷயம் கேளுங்கள். தொண்டு என்று சொல்லிக் கூலிக்காரன் வேலையைப் பறிக்கக் கூடாது. கேமராவுக்குச் சில பேர், கக்கூசுக்கு வேறு சில பேர் என்று பிரிக்காமல் விளக்குமாறு முறைவைத்து எல்லார் கைக்கும் வர வேண்டும். கட்டியவன் கதையும், உள்ளே விடாமல் வெளியே நிறுத்தப்பட்டவன் கதையும் அந்தச் சுவரில் எழுதப்பட வேண்டும். ஒத்துக்கொண்டால் நானும் ஞாயிற்றுக்கிழமை வாளியோடு வருகிறேன். மறுத்தால், அவர்கள் காக்கப் புறப்பட்டது எந்தப் பாரம்பரியத்தை என்று ஊருக்குச் சொல்லுங்கள்.