பட்டப்பெயரா? பழிப்பெயரா?

மாலை ஆறு மணிக்கு நமது நெய்வேலி நகரியத்தில் ஏதாவது ஒரு வட்டத்தின் தெருவில் நின்றுகொண்டு, "அம்மு!" என்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். குறைந்தது மூன்று வீட்டுக் கதவுகளாவது திறக்கும். "குட்டி!" என்றால் இன்னும் இரண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் தனித்தனிப் பெயர் கொண்ட நாங்கள், வீட்டு வாசலில் ஒரே பெயருக்குச் சொந்தக்காரர்களாகிவிடுகிறோம். இதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவரவர் அம்மாவின் குரல் அவரவருக்குத் தெரியும்.

விளையாட்டு உலகிலும் இப்படி ஒரே பட்டப்பெயரைப் பலர் பங்கிட்டுக் கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் அதை விரும்பித்தான் ஏற்றார்களா? எங்கள் வகுப்பில் எழுந்த இந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

'லிட்டில் மாஸ்டர்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 1958-ஆம் ஆண்டு பிரிட்ஜ்டவுனில் 970 நிமிடங்கள் நின்று ஆடி 337 ஓட்டங்கள் குவித்த பாகிஸ்தான் வீரர் ஹனீஃப் முகமதுவை அப்படி அழைத்தார்கள். பின்னர் அப்பெயர், டெஸ்ட் பந்தயங்களில் 10,000 ஓட்டங்களை 1987-இல் முதன்முதலாகக் கடந்த சுனில் கவாஸ்கருக்கு வந்தது. அவருக்குப் பின், 2012-இல் சர்வதேசப் போட்டிகளில் நூறாவது சதத்தை அடித்த சச்சின் டெண்டுல்கரும் அதே பெயரைப் பெற்றார். மூவரும் உயரம் குறைந்தவர்களே. ஆனால் அப்பெயர் 'லிட்டில்' என்பதோடு நின்றுவிடவில்லை. 'மாஸ்டர்' என்று முடிகிறது. உடலைச் சொல்லித் தொடங்கினாலும் திறமையைச் சொல்லி முடிகிறது.

பெண்களில் 'எக்ஸ்பிரஸ்'கள் பலர். கேரளத்தின் பி.டி. உஷா 'பய்யோலி எக்ஸ்பிரஸ்'. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தவர், மறு ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம் வென்றார். அஸ்ஸாமின் ஹிமா தாஸ் 'திங் எக்ஸ்பிரஸ்'. 2018-இல் பின்லாந்தில் இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் 400 மீட்டரை 51.46 விநாடியில் ஓடித் தங்கம் பெற்றார். மேற்கு வங்கத்தின் ஜூலன் கோஸ்வாமி 'சக்தாகா எக்ஸ்பிரஸ்'. கிரிக்கெட் பயிற்சிக்காகச் சக்தாகாவிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலிலேயே சென்று வந்த அவர், 2022-இல் ஓய்வு பெற்றபோது ஒரு நாள் பந்தயங்களில் 255 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். அதுவரை வேறெந்தப் பெண்ணும் அத்தனை எடுத்ததில்லை.

இப்பெயரின் அழகைப் பாருங்கள். 'எக்ஸ்பிரஸ்' என்ற பாதி எல்லாருக்கும் பொது. அது வேகத்திற்குத் தந்த மரியாதை. மற்றப் பாதி அவரவர் ஊர். வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊர்களை இப்பெண்கள் நாட்டுக்கே தெரியச் செய்துவிட்டார்கள்.

நம் தமிழ்ப் பத்திரிகைகளும் 'தங்க மகன்' என்ற பட்டத்தை ஒருவருக்கே வைத்துக்கொள்ளவில்லை. 2016-இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பனுக்கும், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்து வென்ற நீரஜ் சோப்ராவுக்கும் அதையே சூட்டி மகிழ்ந்தன. இருவருக்கும் அது பொருந்தவே செய்தது.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகவே இருக்கிறது.

இவ்வாண்டு விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டம். கடைசி வளைவில் எங்கள் வகுப்புத் தோழி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். உற்சாக மிகுதியில் நாங்கள், "நிலக்கரி! விடாதே! ஓடு நிலக்கரி!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். அவள் ஒருத்தியை முந்தி இரண்டாவதாக வந்தாள். கட்டிக்கொள்ள ஓடிய எங்களைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. "நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள்? ஓடினவர்களில் மூன்று பேருக்கு அந்தப் பெயர்தானே?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது உண்மை. சற்றே நிறம் குறைந்த பெண் என்றால், வகுப்புக்கு ஒரு 'நிலக்கரி' இருப்பது எங்களிடையே வழக்கமாகிவிட்டது. அன்று மாலையே அவள், மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். (அவளுடைய சம்மதம் பெற்றே இதை எழுதுகிறோம். பெயரை மட்டும் போடவேண்டாம் என்றாள்.)

"விளையாட்டுக்குச் சொன்னதுதானே?" என்று எங்களுள் சிலர் வாதாடினர். "நிலக்கரி என்ன இழிவான பொருளா? 1962 முதல் இங்கே மின்சாரம் எரிவதே அதனால்தானே? நம் அப்பாக்கள் அதை வெட்டித்தானே நம்மைப் படிக்க வைக்கிறார்கள்?" என்றும் கேட்டனர். நல்ல கேள்விகள்தாம். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம்: அந்தப் பெயரைச் சொல்லும்போது நாம் மின்சாரத்தையும் நினைக்கவில்லை, அப்பாவின் உழைப்பையும் நினைக்கவில்லை. அவளுடைய நிறத்தை மட்டுமே நினைத்தோம். போதாக்குறைக்கு, இங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி என்பதைக்கூட மறந்துவிட்டோம்!

இந்தத் தவறு நம் ஊரோடு நிற்கவில்லை. பிரேசிலின் பெலே மூன்று உலகக் கோப்பைகளை வென்ற கால்பந்து வீரர். மொசாம்பிக்கில் பிறந்து போர்த்துக்கல் நாட்டுக்கு ஆடிய யூசேபியோ, 1966 உலகக் கோப்பையில் 9 கோல்கள் போட்டு முதலிடம் பெற்றவர். இருவரையுமே 'கறுப்பு முத்து' என்றார்கள். பிறந்த கண்டமும் வேறு, ஆடிய நாடும் வேறு. முத்து என்று புகழ்ந்தபோதும், உலகத்தின் கண் முதலில் விழுந்தது தோலின் மீதுதான்.

'பெலே' என்பதே பள்ளித் தோழர்கள் கேலியாக வைத்த பெயர். எட்சன் என்ற தம் சொந்தப் பெயரையே விரும்பிய அவர், இதற்காகச் சிறு வயதில் சண்டை போட்டதாகச் சொல்லியிருக்கிறார். "பார்த்தீர்களா, கேலிப் பெயர்தானே பிறகு புகழ்ப் பெயராயிற்று?" என்று கேட்கலாம். அதற்கு அவர் மூன்று உலகக் கோப்பைகளை வெல்ல வேண்டியிருந்தது. நாம் வைத்த கேலிப் பெயரிலிருந்து தப்பிக்க, நம் தோழிகள் ஒவ்வொருத்தியும் உலகக் கோப்பை வென்றாக வேண்டுமா?

மறைக்கல்வி வகுப்பில் படித்தது ஒன்று நினைவுக்கு வருகிறது. சகோதரர்களான யாகப்பருக்கும் அருளப்பருக்கும் நம் ஆண்டவர் ஒரே பட்டப்பெயரைச் சூட்டினார்: இடியின் மக்கள். தங்களை ஏற்காத ஊரின்மேல் வானத்து நெருப்பை வரவழைக்கலாமா என்று கேட்ட அவ்விருவரின் வேகத்துக்கு அப்பெயர் எவ்வளவு பொருத்தம்! ஆனால் அவர்களைச் சீடர்களாக அழைத்த பின்னரே, அருகில் வைத்துப் பழகியே, அப்பெயரைத் தந்தார்.

எனவே எங்கள் கருத்து இதுதான். ஒரு பட்டப்பெயரைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்வதில் குற்றமில்லை. அதை அன்பு தந்திருக்க வேண்டும், அல்லது உழைப்பு தேடித் தந்திருக்க வேண்டும். அழைக்கப்படுகிறவள் மகிழ்ச்சியோடு திரும்பிப் பார்த்தால் அது பட்டப்பெயர்; தலைகுனிந்தால் அது பழிப்பெயர்.

பெற்றோர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். வீட்டில் செல்லமாகக்கூட 'கறுப்பி' என்று அழைக்காதீர்கள். "வெயிலில் ஓடாதே, இன்னும் கறுத்துப்போவாய்" என்று சொல்லி எங்களைத் திடலிலிருந்து திரும்ப அழைக்காதீர்கள். வெயிலுக்குப் பயந்திருந்தால் பய்யோலிக்கு ஓர் எக்ஸ்பிரஸ் கிடைத்திருக்குமா?

நாங்கள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். இனிமேல் திடலில் சொந்தப் பெயர் சொல்லியே உற்சாகப்படுத்துவது என்று வகுப்பில் முடிவு செய்தோம். "உனக்குப் பட்டப்பெயர் வேண்டுமென்றால் 'மந்தாரக்குப்பம் எக்ஸ்பிரஸ்' என்று வைக்கலாமா?" என்று அவளையே கேட்டோம். "முதலில் நான் முதலாவதாக வருகிறேன், அப்புறம் வையுங்கள்" என்றாள். மறுநாள் மாவட்டப் போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள்.

அன்புத் தோழியரே, அடுத்த ஆண்டு நாங்கள் இப்பள்ளியில் இருப்போமோ இல்லையோ, திடலில் 'நிலக்கரி' என்ற குரல் மட்டும் கேட்கக் கூடாது. ஓடுகிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்!