பாதரசத்தை ஓரிடத்தில் அளந்தால் போதாது

சிங்கப்பூரில் காற்றின் நிலையை அறிய எல்லாரும் பார்ப்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைத்தான். தீவை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, நுண்துகள் முதல் ஓசோன் வரை ஆறு மாசுப் பொருள்களைக் கொண்டு அது கணிக்கப்படுகிறது. அந்த ஆறில் பாதரசம் இல்லை. அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. இன்று வெளியே ஓடலாமா, முகக்கவசம் போடலாமா என்று முடிவெடுக்க உதவும் பொருளல்ல அது. ஆனால் பாதரசத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு தீவு முழுவதற்கும் ஒரு சராசரி என்று முடிந்துவிடாமல், காடு, சாலை, குடியிருப்பு, தொழிற்பேட்டை என்று இடத்துக்கு இடம் அளந்து ஒப்பிடுவதாக இருக்க வேண்டும். அதைத் தொடங்கப் புக்கிட் பாஞ்சாங் மிகப் பொருத்தமான இடம்.

ஒரு பக்கம் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி, அதை ஒட்டியே விரைவுச்சாலை, எல்ஆர்டி ரயில் சுற்றிவரும் வீவக அடுக்குமாடிகள், சற்று வடக்கே சுங்கை காடுட் தொழிற்பேட்டை. சில கிலோமீட்டருக்குள் நான்கு சூழல்கள். பாதரச ஆவி இவற்றில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இலைகள் தம் துளைகள் வழியே அதை உள்ளிழுக்கின்றன. சருகு உதிரும்போது அது மண்ணுக்குப் போகிறது. வெயிலில் சூடேறும் மண் அதில் ஒரு பகுதியை மறுபடி காற்றில் விடுகிறது. ஆகவே காட்டுக்குள் அளவு குறைந்திருந்தால் அங்கு வரும் காற்றே சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. மரங்கள் வாங்கிக்கொண்டதாலும் குறைந்திருக்கலாம். பக்கத்துச் சாலையிலும் குடியிருப்பிலும் எவ்வளவு என்று தெரிந்தால்தான் காட்டின் எண்ணுக்கு அர்த்தம் வரும்.

இந்த ஒப்பீட்டின் வலிமையைத் தமிழர்கள் கொடைக்கானலில் பார்த்தாயிற்று. 1983-இல் அமெரிக்காவிலிருந்து அங்கு இடம்பெயர்ந்து, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமான பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. அது காற்றில் என்ன விட்டது என்று கண்டறிய, ஹைதராபாத்திலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையப் பிரிவின் அறிவியலாளர்கள் மரங்களில் படரும் லைக்கன்களையும் பாசிகளையும் சேகரித்தார்கள். இவற்றுக்கு மண்ணில் இறங்கும் வேர் இல்லை; காற்றும் மழையும் கொண்டுவருவதே உணவு, அதனால் காற்றின் மாசும் அவற்றிலேயே தங்கிவிடும். நகரத்து மாதிரிகளை மட்டும் பார்த்திருந்தால் பாதி உண்மைதான் தெரிந்திருக்கும். தொலைவிலுள்ள காடுகளின் மாதிரிகளோடு வைத்துப் பார்த்தபோதுதான் ஆலையின் பங்கு துலங்கியது. கொடைக்கானல் ஏரியின் வண்டலையும் தொலைவிலுள்ள பேரிஜம் ஏரியின் வண்டலையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான்.

‘மூச்சில் கலந்து தீங்கு செய்யும் அளவிலா இருக்கிறது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வட அரைக்கோளத்தின் பின்னணிக் காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 நானோகிராம் பாதரசம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு வகுத்த ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவு 1,000 நானோகிராம். பீதிக்கு இடமில்லை. ஆனால் பாதரசத்துக்குக் காற்று ஒரு வழிதான். மாதக்கணக்கில் காற்றில் திரிந்து கடைசியில் நீரில் இறங்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, சிறு மீனிலிருந்து பெருமீனுக்கு அது ஏறிக்கொண்டே போகிறது. மீன் விரும்பி உண்ணும் ஊருக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல.

‘இந்தச் சிறு தீவின் பாதரசத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்துதானே வரும்?’ என்பது அடுத்த கேள்வி. வரும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்பு மண் எரியும்போது, அது காலங்காலமாகச் சேர்த்து வைத்த பாதரசமும் புகையோடு கிளம்புகிறது. ஆனால் வந்தது எவ்வளவு, துவாஸ் எரியாலைகளும் தொழிற்பேட்டைகளும் சேர்ப்பது எவ்வளவு என்று பிரித்தறிய வழி இந்த ஒப்பீடுதான். நான்கு சூழல்களிலும் அளவு சேர்ந்து ஏறினால் காரணம் பெரும்பாலும் தொலைவில். ஒன்றில் மட்டும் ஏறினால் பக்கத்தில். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உருவாகி, சிங்கப்பூர் 2017-இல் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கையும், தன் பலனை மதிப்பிட ஒப்பிடத்தக்க கண்காணிப்புத் தரவுகளையே கேட்கிறது.

செலவு? பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும் என்பது சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் தெரிந்த செய்தி. துல்லியக் கருவியும் அந்த ஒட்டுதலையே நம்புகிறது: காற்றைத் தங்கத்தின் மீது இழுத்து, ஒட்டிய பாதரசத்தைச் சூடேற்றி விடுவித்து, புறஊதா ஒளியால் அளக்கிறது. அதற்கு மின்சாரமும் ஆர்கான் வாயுவும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். நான்கு இடத்தில் வைப்பது கட்டுபடியாகாது. ஆனால் கந்தகம் ஏற்றிய கரி அடைத்த சிறு சேகரிப்பானுக்குப் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மரத்திலோ விளக்குக் கம்பத்திலோ வாரக்கணக்கில் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். மணிக்கு மணி ஏறி இறங்குவதை அது காட்டாது, சராசரியைத்தான் தரும். ஒப்பிடுவதற்கு அந்தச் சராசரியே போதும். சரிபார்க்க ஓரிடத்தில் பெரிய கருவி ஒன்று இருந்தால் சரி.

இரு பருவமழைகளும் புகைமூட்டக் காலமும் அடங்க ஓர் ஆண்டு அளந்து, முடிவுகளை இடவாரியாக வெளியிட வேண்டும். எண்கள் தாழ்ந்தே இருந்தாலும் உழைப்பு வீணாகாது. இன்றைய இயல்பு அளவு பதிவில் இருந்தால்தான், நாளை ஓரிடத்தில் ஏறும்போது ஏறியிருக்கிறது என்றாவது சொல்ல முடியும்.