விளக்கு எரிந்தால் போதுமா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. 14 கிலோமீட்டர் கிரிவலத்தைப் பலமுறை நடந்தே முடித்தவர் என் அம்மா. நான்கு வருடங்களாக முடியவில்லை. உடம்பெல்லாம் வலி, தூங்கி எழுந்தாலும் சோர்வு. எக்ஸ்ரேயிலும் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் சொன்ன பெயர், பைப்ரோமயால்ஜியா.

வீட்டுக்கு இன்டர்நெட் வந்ததும் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். 'மருந்தே இல்லாமல் வலி போகும்' என்ற விளம்பரத்தை நம்பி, தோலில் ஒட்டி மின்துடிப்பு தரும் கருவி ஒன்றை வாங்கினேன். ஒரு வாரத்தில், "இப்ப தேவலைடா" என்றார் அம்மா. பிறகு என் கையில் ஒட்டிப் பார்த்தேன். துடிப்பே இல்லை! உள்ளே ஒயர் விட்டுப்போயிருந்தது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அம்மா பொய் சொல்லவில்லை. இந்த வலி தானாகவே ஏறி இறங்கும். குணமாகும் என்ற நம்பிக்கையும் வலியைச் சற்றுக் குறைக்கும். எனவே ஒருவருடைய அனுபவம் ஆதாரம் ஆகாது.

புதிய சாப்ட்வேரைப் பழையதோடு ஒப்பிட்டு டெஸ்ட் செய்யாமல் நாங்கள் வெளியிடுவதில்லை. கருவிகளுக்கும் அதே விதிதான். இந்த வகைக் கருவிக்கு டென்ஸ் என்று பெயர். 2020ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 301 பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான டென்ஸ், இன்னொன்றுக்குப் போலி, மூன்றாவதற்குக் கருவியே இல்லை. நான்கு வாரங்களில், அசையும்போது வரும் வலி 30 சதவீதமாவது குறைந்தவர்கள் முறையே 44, 22, 14 சதவீதம். போலியிலும் 22 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். டெல்லி எய்ம்ஸிலும், தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு தரும் சிகிச்சையை 90 நோயாளிகளிடம் இப்படிப் போலியோடு ஒப்பிட்டுத்தான் சோதித்தார்கள்.

ஆகவே, 'வாங்கு' பட்டனைக் கிளிக் செய்யும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் போலிக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? பப்மெட் தளத்தில் இலவசமாகத் தேடலாம். டாக்டரையும் கேளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அவரைக் கேட்காமல் டென்ஸைத் தொடவே வேண்டாம்.

டாக்டர் சொன்னபடி வேறு டென்ஸ் வாங்கினோம். இப்போது மாலையில் ஆசிரமம் வரை அம்மா நடக்கிறார். கருவியால்தானா என்று கேட்காதீர்கள். ஒருவரை மட்டும் வைத்து நான் பதில் சொல்ல மாட்டேன்.