காணிக்கைக்கு முன்னே கூலி: கிறிஸ்தவ முதலாளிகளின் கடமை பற்றிய எமது நிலைப்பாடு

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் தொழில் நடத்தும் கிறிஸ்தவர்களுக்கும், ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் திருச்சபை நிறுவனங்களுக்கும் இதை எழுதுகிறோம். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பிற சபையினருமாகக் கூடி ஆராய்ந்து எடுத்த முடிவு இது: வேலையாளின் சம்பளத்தையும் சேமலாப நிதியையும் கொடுத்துத் தீர்க்காத முதலாளியின் நன்கொடையை எந்தச் சபையும் வாங்கக் கூடாது.

கடுமையாகத் தோன்றலாம். ஆனால் சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னவர் இயேசுவே. மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. கொடாமல் வைத்த கூலி கடவுளின் காதுக்கு எட்டும் என்று யாக்கோபின் நிருபமும் எச்சரிக்கிறது. நத்தாருக்குப் புதுச் சாரமும் கேக்கும் கொடுத்துவிட்டு, ஆண்டு முழுவதும் சேமலாப நிதி கட்டாமல் இருப்பவர் தர்மம் செய்யவில்லை. வேலையாளின் பணத்தில் ஒரு சிறு பங்கை அவருக்கே பரிசாகக் கொடுக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு வேலையாள் 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம். 2026 ஜனவரி முதல் நாட்டின் ஆகக்குறைந்த மாதச் சம்பளமான 30,000 ரூபாவுக்கு இவை மூன்றும் சேர்ந்து மாதம் 6,900 ரூபா, ஆண்டுக்கு 82,800 ரூபா. பத்து வருடம் கடையில் நின்று முழங்கால் தேய்ந்த ஒரு பெண்ணுக்கு முதுமைக்கு இருக்கும் ஒரே கையிருப்பு இதுதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வியாபாரம் எழவில்லை என்று சிலர் எங்களிடம் சொன்னார்கள். பலருக்கு அது உண்மை. அப்படியானால் கணக்குப் புத்தகத்தை வேலையாட்களின் முன் திறந்து வையுங்கள், தவணை கேளுங்கள். ஆனால் சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டிவிட்டு நிதிக்குக் கட்டாமல் இருப்பதற்கு நெருக்கடி காரணமாகாது. அந்தப் பணம் முதலாளியுடையதே அல்ல.

“சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தவர்” என்ற பதிலையும் ஏற்க மாட்டோம். வறுமை நெருக்க, வேறு வழியின்றிச் சம்மதித்த கூலி நீதியான கூலி ஆகாது என்று 1891இலேயே திருத்தந்தை 13ஆம் லியோ தம் சுற்றுமடலில் வாதிட்டார். இன்றைய திருத்தந்தை 14ஆம் லியோ 2025இல் அந்தப் பெயரை எடுத்ததற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

கரைவலை இழுப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலை உரிமையாளரான சம்மாட்டி முற்பணம் கொடுப்பது உதவிதான். அந்தக் கடனைக் காட்டி ஒருவரை அடுத்த வாடிக்குப் போகவிடாமல் தடுப்பது உதவி அல்ல. எண்ணெய்க்கும் ஐஸுக்கும் எவ்வளவு கழித்தது, பங்கு எப்படிப் பிரித்தது என்பதை எழுதி, வலை இழுத்தவர்கள் முன் வாசிக்க வேண்டும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் இறக்கும் நாட்கூலிக்காரருக்கு அன்றைய கூலி அன்றே கொடுபட வேண்டும். சூரியன் சாயுமுன் கூலி கொடு என்ற உபாகமக் கட்டளைக்கு விதிவிலக்கு இல்லை.

வீட்டு வேலைக்கு வருபவர்களைச் சேமலாப நிதிச் சட்டம் உள்ளடக்கவில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் மனச்சாட்சி இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு, எழுதி வைத்த சம்பளம், வீட்டார் சாப்பிடும் அதே சாப்பாடு.

நம்மிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சைவர்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள். ஞாயிறு ஆராதனைக்குக் கடையை மூடுகிற முதலாளி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவரின் சம்பளத்தை வெட்டக் கூடாது. காலை ஜெபத்துக்கு வேலையாட்களைக் கட்டாயமாக நிறுத்துவதும் தவறு. சம்பளம் கொடுக்கிறவருக்கு அஞ்சி முணுமுணுக்கும் ஜெபத்தைக் கடவுள் கேட்கவில்லை. வழிபாட்டை மதிப்பதுபோல் உடலையும் மதியுங்கள்: கடையில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார நாற்காலி போடுங்கள். தமிழ்நாடு 2021இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது.

இத்தனையும் முதலில் பொருந்துவது திருச்சபைக்குத்தான். எங்கள் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும், மிஷன் வீட்டுச் சமையற்காரர்களுக்கும், ஆலயம் கூட்டுபவர்களுக்கும் ‘இறைபணி’ என்று சொல்லிக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தை உயர்த்தாமல், கடைக்காரருக்குப் புத்தி சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஒவ்வொரு சபையும் தன் ஊழியரின் சம்பளப் பட்டியலை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும்.

சம்பளமோ சேமலாப நிதியோ நிலுவையில் இருப்பவர்கள் தொழில் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். எழுதித் தர ஆள் வேண்டுமானால் எங்களிடம் வாருங்கள், எந்த மதத்தவரானாலும் வாருங்கள். முறைப்பாடு செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தும் கிறிஸ்தவ முதலாளிக்கு, அவர் எவ்வளவு பெரிய கொடையாளியானாலும், எங்கள் சபைகளில் எந்தப் பொறுப்பும் கொடுக்கக் கூடாது.