பூட்டிக் கிடக்கும் சங்கீதப் பாடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மறைந்த சங்கீத ஆசிரியர்களின் பாடப் பதிவுகளுக்கு நேர்ந்துவரும் கதியைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன். சாதகம் செய்வதற்காக மாணவர்கள் பதிந்துகொண்ட கேசட்டுகளை யாரோ நகலெடுத்து, குடும்பத்தாரை ஒரு வார்த்தை கேட்காமல் பென்டிரைவிலும் டெலிகிராமிலும் விற்கிறார்கள். அதில் மனம் நொந்த குடும்பங்கள் மிச்சக் கேசட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டன. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய அரசு எதுவும் செய்யாமல் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலேயே சொல்லிக்கொடுத்தவர். மேடை அதிகம் ஏறவில்லை, இசைத்தட்டு எதுவும் வெளியிடவில்லை. அவர் பாட்டு இன்று எங்காவது இருக்கிறதென்றால் அந்தக் கேசட்டுகளில்தான். ஒன்றின் மேல் ‘பைரவி, அடதாள வர்ணம், சரணம்’ என்று அவரே பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறார். ஆதியப்பய்யரின் ‘விரிபோணி’. ஒரு சுர வரியைப் பாடி நிறுத்துகிறார், மாணவி திருப்பிப் பாடுகிறாள். “தைவதத்தை அழுத்தாதேம்மா, தொட்டுட்டு வா, இன்னொரு தரம்” என்கிறார். மறுபடி, இன்னும் விளம்பமாக. பைரவிக்கு ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம் என்று எந்தப் புத்தகமும் சொல்லிவிடும். அதை எவ்வளவு தொடுவது, எங்கே விடுவது என்பதை அந்தக் குரலைக் கேட்டுத்தான் கற்க முடியும். கச்சேரிப் பதிவில் இது கிடைக்காது. அங்கே வித்வான் முடித்துக்கொடுத்ததைக் கேட்கிறோம், பாடத்தில் அது உருவாகும் விதத்தைக் கேட்கிறோம்.

“தியாகராஜ கீர்த்தனைக்கு யார் சொந்தக்காரர்? எல்லோரும் கேட்கட்டுமே” என்று நகலெடுப்பவர்கள் வாதாடுகிறார்கள். 1847-ல் சித்தியடைந்த தியாகராஜரின் கீர்த்தனை பொதுச்சொத்துதான். அதைப் பாடிச் சொல்லிக்கொடுத்த குரல் பொதுச்சொத்து அல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. மாணவர் தன் சொந்த உபயோகத்துக்குப் பதிந்துகொள்வதை அதே சட்டம் அனுமதிக்கிறது. விற்பதை அனுமதிக்கவில்லை. பணம் மட்டுமே இங்கே பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் கேசட்டுகளில் ஒரு சிறுமி அபஸ்வரமாகப் பாடி அழுவது இருக்கிறது, ஆசிரியர் நம்பிக்கையோடு மனம்விட்டுப் பேசியது இருக்கிறது. அது ஊர் பேர் தெரியாதவர்களின் கைப்பேசியில் சுற்றுவது அநியாயம். குடும்பத்தாரின் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனால் பூட்டு எதையும் காப்பாற்றப் போவதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது, கேசட்டுக்குள் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்று விழுகிறது. காந்த நாடாவை ஓட்டும் கருவிகளும் உதிரி பாகங்களும் 2025 வாக்கில் அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019-லேயே எச்சரித்தன. இன்னொரு சங்கடமும் உண்டு. பாட்டரி தளர்ந்த ரிக்கார்டரில் பதிந்த பாடம், சரியான கருவியில் போட்டால் வேகமாக ஓடி ஸ்ருதி ஏறிக் கேட்கும். ஆசிரியர் எத்தனை கட்டையில் பாடினார் என்று அறிந்த மாணவர் பக்கத்தில் இருந்தால்தான் அதைச் சரியாகக் கணினியில் ஏற்ற முடியும். அந்த மாணவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஆசிரியரின் குடும்பத்தார் கேசட்டுகளைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். அவர்கள் அணுகிய ஒரு பொது நிறுவனம், “நன்கொடையாகக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். யார் கேட்பார்கள், யார் நகலெடுப்பார்கள் என்றெல்லாம் எழுத்தில் தர முடியாது” என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் பீரோ பூட்டப்பட்டது.

எழுத்தில் தர முடியாத விஷயமா இது? 1982-ல் தொடங்கி இன்று குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவண, ஆய்வு மையம், பதிவை ஒப்படைப்பவரோடு ஒப்பந்தம் போட்டு, உரிமையை அவரிடமே விட்டுவைக்கிறது. சென்னை மியூசிக் அகாடமியின் டாக் டிஜிட்டல் காப்பகத்தில் பழைய கச்சேரிகளை அங்கேயே உட்கார்ந்து கேட்கலாம், எடுத்துக்கொண்டு போக முடியாது. வழி இருக்கிறது, செய்துகாட்டியவர்களும் இருக்கிறார்கள். தமிழக அரசுக்குச் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அறை, நல்ல நிலையில் இரண்டு கேசட் கருவிகள், பயிற்சி பெற்ற ஓர் ஒலிப்பதிவாளர், குடும்பத்தார் கையெழுத்திடத்தக்க ஒரு பக்க ஒப்பந்தம். இவ்வளவுதான் கேட்கிறேன். பொன்னாடைக்கும் நினைவு விழாவுக்கும் ஆகும் செலவைவிட இது பெரிதாக இருக்காது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர், சின்னசாமி முதலியாரின் தூண்டுதலால், வீட்டுச் சொத்தாக இருந்த கிருதிகளைச் சுரப்படுத்தி ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யாக 1904-ல் எட்டயபுரத்தில் அச்சிட்டுக் கொடுத்தார். அவர் மறுத்திருந்தால் இன்று தீட்சிதர் கிருதிகளில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்? நீங்களும் கொடுத்து, முறையாகக் கேட்க ஓர் இடமும் இருந்தால், திருட்டு நகலைத் தேடிப் போகும் மாணவர்களில் பலர் போகமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கலை பண்பாட்டுத் துறை இந்த ஆண்டே இதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டும். அதுவரை, இத்தகைய கேசட் வைத்திருக்கும் வாசகர்கள் தயவுசெய்து அதைப் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டாம், நாடா சிக்கி அறுந்துவிடக்கூடும். மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், பிறகு யாரும் தவறிப்போய் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அட்டையில் ராகம், ஆண்டு, ஆசிரியரின் ஸ்ருதி மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்.